ஐந்து முறை பட்டறை ஏறிய கார்

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டு வாசலில் கார் வந்து நின்றால், அந்த வரிசை முழுவதற்கும் அது திருநாள்தான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி, சூடம் கொளுத்திக் காட்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிரட்டுக்களம் வரை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். நான் சிறுவனாக இருந்த காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது பெரிய கிராணி ஐயாவின் கார் ஒன்றுதான். 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் புரோட்டோன் சாகா விற்பனைக்கு வந்த பிறகுதான், நம்மவர்கள் வீட்டிலும் ஒரு நாள் கார் நிற்கலாம் என்ற எண்ணமே பலருக்குப் பிறந்தது. புதுக் கார் கைக்கு எட்டாதவர்கள் பழைய காரைப் பார்த்தார்கள். இன்றும் தோட்டத்துப் பாட்டாளிக் குடும்பங்களில் பெரும்பாலோர் வாங்குவது பழைய கார்தானே!

என் தங்கை வீட்டிலும் அப்படி ஒரு பழைய கார் வந்தது. 2022-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து. அது எந்தக் கம்பெனியின் கார், எந்த ஊர்க் கடையில் வாங்கியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஒரு கடைக்காரரைத் திட்டித் தீர்ப்பதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. அவரைப் போன்றவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

தங்கை குடும்பம் பாடாங் ரெங்காஸ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை பழக்குலை வெட்டுபவர். தங்கைக்கு நாற்று மேடையில் வேலை. அவள் மாமனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் தைப்பிங்கில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நிலை. ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு வாங்கும். பேருந்தை நம்பிப் போகிற காரியமா இது? கார் வாங்கியது சொகுசுக்காக அல்ல, பெரியவரின் உயிருக்காக.

விலை 17,500 வெள்ளி. தங்கை கூட்டுப் பிடித்துச் சேர்த்த 2,500 வெள்ளி முன்பணம். மீதி 15,000 வெள்ளிக்கு 5 வருடத் தவணை, மாதம் 306 வெள்ளி. விற்பனைச் சீட்டின் அடியில் "எஞ்சின், கியர்பெட்டிக்கு 12 மாதம் உத்தரவாதம்" என்று கையால் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார் கடைக்காரர். அந்த ஒரு வரி பிறகு எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். ஒரு செம்பனை ஆலையின் இயந்திரப் பகுதியில் 22 ஆண்டு வேலை பார்த்தவன். "வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "புஸ்பாகோமில் பாஸ் ஆகிவிட்டது அண்ணே, அப்புறம் என்ன?" என்றாள் தங்கை.

நம்மவர்களில் பலர் இப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். பெயர் மாற்றுவதற்கும் தவணைக் கடனுக்கும் செய்கிற அந்தப் பரிசோதனையில் எஞ்சின் எண், சட்டகத்தின் எண், பிரேக், அடிப்பாகம், புகை முதலியவற்றைப் பார்ப்பார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மலை ஏறினால் அது சூடாகுமா என்று ஓட்டிப் பார்ப்பதும் அவர்கள் வேலையல்ல. பாஸ் ஆன சீட்டைக் காட்டி, "எஞ்சின் நல்ல எஞ்சின்" என்று எவராவது சொன்னால் தலையாட்டி விடாதீர்கள்.

மலையில் நின்ற கார்

பாடாங் ரெங்காசிலிருந்து தைப்பிங் போகிறவர்களுக்கு புக்கிட் பெராபிட் மலையைத் தெரியாமல் இருக்காது. வாங்கிய மூன்றாவது வாரம், அந்த ஏற்றத்தில் கார் நின்று விட்டது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கிறது. முன்மூடியின் இடுக்கில் ஆவி. பின்னால் பெரியவர், மடியில் துண்டும் தண்ணீர்ப் போத்தலும். மாப்பிள்ளை பதறிப் போய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை வைத்திருக்கிறார். நல்ல வேளையாகப் பெரியவர்தான், "தொடாதேடா, வெந்து போவே!" என்று சத்தம் போட்டுத் தடுத்தாராம். தோட்டத்து லோரியில் கிளீனராக இருந்த அனுபவம் அவருக்கு!

அவர் தடுத்தது மிகச் சரி. மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விட்டுப் போகும். அவ்வளவு தண்ணீரும் கொதித்து முகத்தில் பாயும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆற விட்டு, கையால் தொட்டுப் பார்த்து, பிறகு தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருக வேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைத் திடுமென ஊற்றுவதும் ஆபத்து. உலோகம் விரிசல் விடும்.

அன்று அவ்வழியே வந்த ஒரு புண்ணியவான் பெரியவரை ஏற்றிக்கொண்டு போனார். கார் கடைக்காரரின் பட்டறைக்குப் போயிற்று.

அங்கே தொடங்கியது அந்தக் கதை. டிசம்பரில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள், 60 வெள்ளி. "உத்தரவாதம் இருக்கிறதே?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "சின்னச் சாமானுக்கெல்லாம் உத்தரவாதம் இல்லை" என்று பதில். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. 2023 ஜனவரியில் மறுபடியும் அதே மலை, அதே முள். விசிறி மோட்டார் போய்விட்டது என்று 280 வெள்ளி. (உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: "விசிறியைப் பார்க்கச் சொல்" என்று தொலைபேசியில் சொன்னவன் நான்தான். காரைக் கண்ணால் பார்க்காமல் வைத்தியம் சொன்ன குற்றம் எனக்கும் உண்டு.) பிப்ரவரியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு 80 வெள்ளி. மார்ச்சில் தண்ணீர்ப் பம்பு, 450 வெள்ளி. ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம், மூன்று வாரம் தாங்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி!

ஏப்ரலில் ஐந்தாவது முறை போனபோது கடைக்காரர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, "கிரெத்தா லாமா, பியாசாலா போஸ்" என்றாராம். பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்குமாம். பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். அன்று காரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று இரவு தங்கை எனக்குத் தொலைபேசி போட்டாள். அவள் அழவில்லை. "அண்ணே, நாளைக்கு மாமாவுக்கு முறை. காரைப் பார்த்தாலே அவர் உடம்பு நடுங்குது. 'என்னை வீட்டிலேயே விட்டுடும்மா, போற உசிரு இங்கேயே போகட்டும்'னு சொல்றாரு" என்றாள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நான் புறப்பட்டுப் போனேன்.

பால் காப்பி நிறத்தில் எண்ணெய்

விடியற்காலை, எஞ்சின் முற்றும் ஆறியிருந்த நேரத்தில் முன்மூடியைத் திறந்தேன். முதலில் ரேடியேட்டர் தண்ணீர். முந்திய நாள் நிரப்பியது, இப்போது ஒரு போத்தல் அளவு குறைவு. காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஒழுகாமல் தண்ணீர் எங்கே போகும்? எஞ்சினுக்கு உள்ளேதான் போக வேண்டும்.

அடுத்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் பால் காப்பி நிறத்தில் குழைவாக ஒட்டிக் கொண்டிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம் வரும். காலைக் குளிரில் மூடியின் உட்பக்கம் சிறிது வெண்மை தெரிவது மற்றக் கார்களிலும் உண்டு. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வைத்து எஞ்சினை முடுக்கச் சொன்னேன். தண்ணீரில் குமிழ் குமிழாக, சோறு கொதிப்பது போல் காற்று வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் இன்னும் சூடாகவே இல்லை, குமிழ் வருகிறது! பின்னால் புகைக் குழாயில் வெள்ளைப் புகை, நிற்காமல். எனக்குப் போதும்.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். எஞ்சின் இரண்டு பெரிய துண்டுகளால் ஆனது. கீழே உடல், மேலே தலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதுதான் ஹெட் கேஸ்கெட். பெட்ரோல் எரிகிற அறை, தண்ணீர் ஓடுகிற வழி, எண்ணெய் ஓடுகிற வழி, இவை ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அந்தத் தகடு. எஞ்சின் ஒரு முறை கடுமையாகச் சூடேறினால், அலுமினியத்தில் செய்த தலை அதிகமாக விரிந்து கோணிப் போகும். தகடு ஓரிடத்தில் விட்டுப் போகும். அப்புறம் எரிகிற வாயு தண்ணீருக்குள் புகுந்து அதைக் கொதிக்க வைக்கும். தண்ணீர் எரிகிற அறைக்குள் புகுந்து வெள்ளைப் புகையாகப் போகும். சமதரையில் அவ்வளவாகத் தெரியாது. மலை ஏறும்போது, எஞ்சின் முக்கி வேலை செய்யும்போது, முள் ஏறிவிடும். புதிய விசிறி, புதிய பம்பு, புதிய மூடி என்று எதை மாற்றினாலும் நோய் அப்படியேதான் இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. "நம் வெயில் நாட்டுக்கு அது எதற்கு?" என்று சொல்லிக் கழற்றுகிற போமன்கள் நம் நாட்டில் நிறைய. எஞ்சின் 90 டிகிரிக்குப் பக்கத்தில் வேலை செய்யும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சூட்டுக்கு வரும் வரையில் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்; தேய்மானமும் அதிகம். அதைவிட மோசம், முள் கீழேயே கிடப்பதால் நோய் தீர்ந்தது போல ஒரு மாயத் தோற்றம்! காய்ச்சல்காரனின் வெப்பமானியை உடைத்துப் போட்டுவிட்டு, காய்ச்சல் இல்லை என்பதைப் போன்ற வைத்தியம் அது.

நான் சொன்னால் மட்டும் போதாது என்று, கோலகங்சாரில் சம்பந்தமே இல்லாத வேறொரு பட்டறைக்குக் காரை இழுத்துக்கொண்டு போனோம். அங்கே ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்த்தார்கள். அருகருகே இருக்கும் இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருந்தது. "இதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். பட்டறையின் தாளில், தேதி போட்டு, கிலோமீட்டர் போட்டு, கண்ட குறை என்ன, செப்பனிட எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2,400 வெள்ளி.

மைலோ டின்

அந்தத் தாளோடு கடைக்காரரைப் பார்க்கப் போனோம். அவர் படித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உத்தரவாதம் எஞ்சினுக்குத்தான். இது கேஸ்கெட்."

கேஸ்கெட் எஞ்சினில் சேராதாம்! கதவுக்கு உத்தரவாதம் உண்டு, கீலுக்குக் கிடையாது என்பதைப் போல. அதோடு விட்டாரா? "தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியது நீங்கள்" என்று பழியையும் மாப்பிள்ளையின் தலையில் போட்டார். மாப்பிள்ளை சாதுவானவர். அப்படிப்பட்டவருக்கே கை ஓங்கி விட்டது. நான் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வரும் வழியில் மாப்பிள்ளை, "இந்த மாசத்திலேருந்து தவணை கட்டப் போறதில்லே மச்சான். காரை வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்" என்றார். கோபத்தில் இப்படிச் சொல்கிறவர்கள் அநேகம். தயவு செய்து அப்படிச் செய்து விடாதீர்கள். தவணை போவது கடன் கொடுத்த வங்கிக்கு, கடைக்காரருக்கு அல்ல. அவர் தம் பணத்தை முதல் நாளே வங்கியிடமிருந்து வாங்கிக்கொண்டு விட்டார். தொடர்ந்து இரண்டு தவணை நின்றால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காரைப் பறிமுதல் செய்ய 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் இடம் தருகிறது. காரும் போய், பெயரும் கெட்டு, பிணை நின்றவரின் நிம்மதியும் போகும். கடைக்காரருக்கோ ஒரு காசு நட்டமில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை சமையலறைக்குள் போய் ஒரு மைலோ டின்னைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். விற்பனைச் சீட்டு, நான்கு பட்டறை ரசீதுகள், இழுவை வண்டிக்காரர் கொடுத்த துண்டுத் தாள், எல்லாம் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில், எந்தத் தேதியில் எந்த இடத்தில் கார் நின்றது என்றுகூடக் குறித்திருந்தாள். மூன்றாம் பாரம் வரை படித்தவள். "உனக்கு யாரம்மா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்றேன். "சம்பளச் சீட்டை அப்பா இப்படித்தானே கட்டி வைப்பாரு?" என்றாள்.

அந்த டின்தான் எங்கள் வழக்கறிஞர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான விதிகளில் ஒன்று. பழைய பொருளிடம் புதுப் பொருளின் தரத்தை எதிர்பார்க்க முடியாதுதான். கொடுத்த விலை, விற்றவர் சொன்ன சொல் ஆகியவற்றை வைத்து எடை போடுவார்கள். விற்ற பிறகு குறை கண்டால், திருத்தித் தரும்படி முதலில் விற்றவரிடம் கேட்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் திருத்தவில்லை, அல்லது மறுத்து விட்டார் என்றால், வேறிடத்தில் திருத்திக்கொண்டு அந்தச் செலவை அவரிடம் கேட்கலாம். இதற்கென்றே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம். 2019-க்கு முன்பு இந்த வரம்பு 25,000 வெள்ளியாக இருந்தது. கட்டணம் எவ்வளவு தெரியுமா? 5 வெள்ளி! இரு தரப்பிலும் வழக்கறிஞர் வரக் கூடாது என்பது விதி. நம்மைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! குறை எழுந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வாங்கிய பொருளாக இருக்க வேண்டும்.

முதலில் கடைக்காரருக்குக் கடிதம் போட்டோம். மே மாதம் 2-ஆம் தேதி, பதிவுத் தபாலில். தங்கையின் மூத்த மகள் மலாயில் எழுதினாள். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. வாங்கிய தேதி, கார் நின்ற தேதிகள், மாற்றிய பாகங்கள், வேறு பட்டறை சொன்ன முடிவு, 14 நாளைக்குள் செப்பனிட்டுத் தரும்படி வேண்டுகோள். பதில் வரவில்லை.

பெரியவரின் வைத்தியமோ காத்திருக்காது. நான்கு வாரமாகப் பக்கத்து லயத்துக்காரரின் காரில், ஒரு நடைக்கு 70 வெள்ளி வீதம், 12 நடை போய் வந்தார்கள். 840 வெள்ளி. கெடு முடிந்த மறு நாள் தங்கை தன் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து, கோலகங்சார்ப் பட்டறையில் காரைச் செப்பனிடச் சொன்னாள். தலையைக் கழற்றியபோது நானும் நின்று பார்த்தேன். கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கருகி அறுந்திருந்தது. தலை கோணியிருந்ததை இரும்புச் சட்டம் வைத்துக் காட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டோம். தலையைச் சீவிச் சமன்படுத்தி, புதுக் கேஸ்கெட் போட்டு, கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது போட்டு, வெறுந் தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்விப்புத் திரவம் ஊற்றி முடித்தார்கள். பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கி வந்தோம். அதுவும் மைலோ டின்னுக்குள் போயிற்று, இரண்டாக மடித்து!

மே மாதக் கடைசியில் தீர்ப்பாயத்தின் முதல் பாரத்தை நிரப்பிக் கொடுத்தோம். முத்திரை வைத்துத் திருப்பித் தந்த பிரதியை எதிர்த்தரப்புக்கு நாமே சேர்ப்பிக்க வேண்டும். கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கலாம். பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். ஜூலையில் ஈப்போவில் விசாரணை.

கடைக்காரர் வரவில்லை. கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை அனுப்பியிருந்தார். அவர் பழைய பாட்டையே பாடினார்: கேஸ்கெட், எஞ்சின் அல்ல, தண்ணீர் ஊற்றாதது வாங்கியவர் குற்றம். தங்கை எழுந்து நின்றாள். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. ரசீதுகளைத் தேதி வரிசையில் எடுத்து வைத்தாள். தீர்ப்பாயத் தலைவர் விற்பனைச் சீட்டின் அடியில் இருந்த அந்தக் கையெழுத்து வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அந்த இளைஞரைப் பார்த்து, "வாங்கிய மூன்றாவது வாரமே உங்கள் பட்டறைக்கு வந்த காரை, ஐந்து மாதத்தில் ஒரு முறையாவது அழுத்தம் அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். இளைஞர் தலையைக் குனிந்து கொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்!

நாங்கள் கேட்டது 4,110 வெள்ளி. கிடைத்தது 3,270 வெள்ளி. முதல் நான்கு பட்டறைச் செலவு 870, பிறகு செப்பனிட்ட 2,400. வாடகை 840 வெள்ளி கிடைக்கவில்லை. காரணம், பக்கத்து லயத்துக்காரரிடம் ரசீது வாங்கவில்லை. "பக்கத்து வீட்டண்ணன்கிட்ட போய் எப்படிண்ணே ரசீது கேக்கறது?" என்றாள் தங்கை. நியாயம்தான், ஆனாலும் ஒரு துண்டுத் தாளில் தேதியும் தொகையும் எழுதி அவர் கையொப்பம் வாங்கியிருந்தால், குறைந்தது பாதியாவது வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தீர்ப்பாயத்தின் முடிவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும். பதின்மூன்றாவது நாள் பணம் வந்தது. தங்கை நேரே அடகுக் கடைக்குப் போய்ச் சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்தாள்.

போன மாதம் நானும் அவர்களோடு தைப்பிங் போனேன். பெரியவர் இப்போது முன் இருக்கையில்தான் உட்காருவார். பெராபிட் ஏற்றம் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முள் நடுவில் நின்றது. மலை இறங்கிய பிறகுதான் மடியிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அளவாக ஒரு வாய் குடித்துவிட்டு, பாதியில் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்.